வேன்காரரிடம் எந்தச் சாவியைக் கொடுப்பது?

 

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். "அத்தை, லேப்டாப்ல பயாஸ் உள்ள போய் விடி-டினு ஒண்ணை ஆஃப் பண்ணிட்டா கேம் வேகமா ஓடும்னு ஒரு வீடியோல சொல்றாங்க. பண்ணலாமா?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் மூன்று பேர் "பண்ணு, ஒண்ணும் ஆகாது" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டார்கள். நான் "வேண்டாம்பா" என்று மட்டும் எழுதினேன். உடனே "ஏன் அத்தை?" என்று வந்தது.

ஏன் என்று கேட்கிற பிள்ளைக்குக் காரணம் சொல்லாமல் "வேண்டாம்னா வேண்டாம்" என்று சொல்லும் ஆசிரியராக நான் இருந்ததில்லை. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். காரணம் வாட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்த எனக்கு இதில் என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என் பழைய மாணவன் ஒருவன் இப்போது டிவைஸ் டிரைவர் எழுதும் வேலையில் இருக்கிறான். இரண்டு மாலை நேரம் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பிறகு லினக்ஸ் கர்னலோடு வரும் விளக்கக் கோப்புகளை நானே படித்தேன். புரியாத இடத்தில் மறுபடி அவனைக் கேட்டேன். இந்த முறை நான் மாணவி, அவன் ஆசிரியர்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம்.

ஜூன் மாதம் பள்ளிக்கு விலையில்லாப் பாடநூல்கள் வேனில் வந்து இறங்கும். தலைமையாசிரியரே ஒவ்வொரு கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் அறையில் அடுக்கினால் என்ன ஆகும்? புத்தகம் அடுக்கி முடியும். பள்ளிக்கூடம் நடக்காது. அதனால் அவர் வேன்காரரிடம், "மூன்றாவது அறையில் 200 புத்தகத்தை இறக்கி வையுங்கள், முடிந்ததும் வந்து சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

கணினியிலும் இதே கதைதான். தலைமையாசிரியர் என்பது பிராசசர். அறைகள் என்பது நினைவகம், அதாவது ரேம். வேன்காரர் என்பது ஹார்டு டிஸ்க், நெட்வொர்க் கார்டு, வைஃபை சிப் போன்ற சாதனம். பிராசசர் ஒவ்வொரு துண்டாகத் தானே எடுத்து வைக்காமல், சாதனமே நேரடியாக நினைவகத்தில் எழுதவும் படிக்கவும் விடுவதற்குப் பெயர் டிஎம்ஏ, நேரடி நினைவக அணுகல். வேலை முடிந்ததும் சாதனம் "முடிந்தது" என்று மணியடிக்கும். அந்த மணிக்கு இன்டரப்ட் என்று பெயர்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு நொடிக்கு 12.5 கோடி பைட் கொண்டுவரும். பிராசசர் ஒரு தடவைக்கு 4 பைட் வீதம் தானே எடுத்து வைத்தால், நொடிக்கு மூன்று கோடி தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும். அதுவும் சாதனத்திடமிருந்து நேராகப் படிப்பது என்பது, பிராசசரின் வேகத்தோடு பார்த்தால் மிக மெதுவான காரியம். ஆகவே டிஎம்ஏ வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை.

இது புதிய ஏற்பாடும் அல்ல. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இதற்கென்று இன்டெல் 8237 என்ற தனிச் சிப் இருந்தது. அதில் நான்கு வழிகள். ஃபிளாப்பி டிஸ்க்குக்கு அதில் ஒன்று. 1984-ல் வந்த பிசி ஏடியில் அந்த வழியாக முதல் 16 எம்பி நினைவகத்தை மட்டுமே எட்ட முடியும். அந்த 16 எம்பி எல்லை, லினக்ஸ் கர்னலில் ஒரு தனிப் பகுதியாக நெடுங்காலம் தொடர்ந்தது. அப்போது பள்ளிக்கு ஒரே ஒரு சுமைகாரர் இருந்தார், எல்லா வேனுக்கும் அவரே இறக்கி வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசிஐ என்ற இணைப்பு முறை 1990-களில் பரவியபோது நிலைமை மாறியது. ஒவ்வொரு வேன்காரரும் தாமே உள்ளே வந்து தாமே இறக்கி வைக்கத் தொடங்கினார்கள். வேகம் கூடியது. உள்ளே வந்து போகும் ஆட்களும் கூடினார்கள்.

இங்கேதான் கர்னலின் வேலை வருகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவாக இருந்தாலும் அதன் நடுவே உட்கார்ந்து எல்லாரையும் மேய்க்கும் பகுதிதான் கர்னல். டிஎம்ஏ விஷயத்தில் அதற்கு மூன்று கடமைகள் என்று நான் புரிந்துகொண்டேன்.

முதல் கடமை, சரியான முகவரி சொல்வது. நாம் ஓட்டும் நிரல்களுக்கு நினைவகம் வரிசையாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். சாதனத்துக்கு நிஜ முகவரிதான் தேவை. "முதல் கட்டு மூன்றாம் அறை, அடுத்த கட்டு ஒன்பதாம் அறை" என்று கர்னல் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கும். சில சாதனங்களால் 32 பிட் முகவரி மட்டுமே சொல்ல முடியும். அதாவது முதல் 4 ஜிபிக்கு மேல் அவற்றின் கை எட்டாது. மாடி ஏறத் தெரியாத வேன்காரர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்காகக் கர்னல் கீழ்த்தளத்தில் ஓர் இடம் ஒதுக்கி, அங்கே இறக்கச் சொல்லி, பிறகு தானே மாடிக்கு எடுத்துச் செல்லும். லினக்ஸில் இதற்கென்று வழக்கமாக 64 எம்பி ஒதுக்கப்படுகிறது.

இரண்டாவது கடமை, ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் பொருள் இருக்க வேண்டும் என்பதைக் காப்பது. பிராசசரிடம் கேச் என்று ஒரு சின்னக் கைக்குறிப்பு இருக்கும். அறையில் இருக்கும் பதிவேட்டை வேன்காரர் புதிதாக எழுதிவிட்டுப் போயிருப்பார். தலைமையாசிரியரோ தன் கைக்குறிப்பில் இருக்கும் பழைய எண்ணிக்கையைப் பார்த்துக் கணக்குச் சொல்வார். தப்பாகத்தானே போகும்? நம் வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் வன்பொருளே இதைச் சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் ஏஆர்எம் சிப்கள் உள்ள பல கருவிகளில் கர்னல்தான் பழைய குறிப்பை அழித்துப் புதிதாகப் படிக்க வைக்க வேண்டும். ஆகவே டிரைவர் எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓர் இடத்தைச் சாதனத்திடம் ஒப்படைத்துவிட்டால், அதைத் திரும்பப் பெறும்வரை நீங்கள் தொடக்கூடாது. ஒப்படைப்பதற்கு மேப், திரும்பப் பெறுவதற்கு அன்மேப் என்று பெயர். ஒப்படைக்கும்போதே "இது நீ படிக்க மட்டும்" அல்லது "நீ எழுத மட்டும்" என்று திசையையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது கடமைதான் இன்றைய கேள்விக்குரியது. வேன்காரர் உள்ளே வந்துவிட்டார். "மூன்றாவது அறை" என்று சொல்லியிருக்கிறோம். ஆனால் பள்ளியில் எந்த அறைக்கும் பூட்டு இல்லை என்றால்? அவர் நேரே அலுவலக அறைக்குப் போய் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். திருத்தவும் செய்யலாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், மூன்றுக்குப் பதில் எட்டு என்று தவறாகக் கேட்டு, கேள்வித்தாள் வைத்திருக்கும் அறையில் புத்தகத்தைக் கொட்டிவிட்டுப் போகலாம்.

சாதாரண நிரல்கள் ஒன்றின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்க முடியாதபடி பிராசசருக்குள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. ஆனால் டிஎம்ஏ செய்யும் சாதனம் பிராசசர் வழியாக வருவதில்லை. அது பக்கவாசலில் நேரே உள்ளே வருகிறது. அந்தக் காவல் அதைப் பார்ப்பதே இல்லை. பக்கவாசலில் நிற்கும் காவலுக்குப் பெயர்தான் ஐஓஎம்எம்யூ. இன்டெல் அதை விடி-டி என்கிறது. ஏஎம்டி பிராசசர் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் ஐஓஎம்எம்யூ என்றே இருக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்தெந்தப் பக்கங்கள், எந்தத் திசையில் என்று கர்னல் ஒரு சாவிப் பட்டியல் எழுதும். பட்டியலில் இல்லாத இடத்தைச் சாதனம் தொட்டால் கதவு திறக்காது, கர்னலுக்குப் புகாரும் வரும்.

தம்பி மகனே, நீ அணைக்க நினைத்தது இந்தக் காவலைத்தான்.

"டிரைவர் எழுதுகிறவர்கள் ஒழுங்காக எழுதினால் போதாதா, காவல் எதற்கு?" என்று கேட்கலாம். ஒழுங்கு நல்லதுதான். ஆனால் சொல்லால் மட்டும் காக்கப்படும் ஒழுங்கு எப்படி இருக்கும் என்பதற்கு லினக்ஸிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்டேக் என்று சொல்லப்படும் தற்காலிக இடத்தைச் சாதனத்திடம் டிஎம்ஏ செய்ய ஒப்படைக்கக் கூடாது என்பது பழைய விதி. விளக்கக் கோப்பில் தெளிவாக எழுதியிருந்தது. இருந்தும் பல டிரைவர்கள் அதை மீறியே எழுதப்பட்டிருந்தன. வேலை நடந்துகொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. 2016-ல் 4.9 பதிப்பில் ஸ்டேக் அமைக்கும் முறையை வேறொரு பாதுகாப்புக்காக மாற்றினார்கள். உடனே யூஎஸ்பி தொடர்பான பல டிரைவர்கள் வரிசையாகத் தகராறு செய்தன. ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அந்த டிரைவர்களை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். மீறினால் உடனே தெரியும்படி எதுவும் இல்லை, அவ்வளவுதான். வகுப்பறைச் சுவரில் விதியை எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பது ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இது தவறுதலாக நடப்பது. வேண்டுமென்றே செய்வதும் உண்டு.

ஃபயர்வயர் என்ற இணைப்பு ஒரு காலத்தில் ஆப்பிள் கணினிகளில் பிரபலம். அதில் செருகும் சாதனம் நேரே நினைவகத்தைப் படிக்க முடியும். 2004-லேயே, பாட்டுக் கேட்கும் ஐபாடை அந்த வழியில் செருகி, கணினியின் நினைவகத்தைப் படித்தும் மாற்றியும் காட்டினார் ஓர் ஆய்வாளர். திரை பூட்டியிருந்தாலும் இந்த வகைத் தாக்குதலுக்குத் தடையில்லை. ஏனென்றால் திரைப்பூட்டு முன்வாசலில் இருக்கிறது, இது பக்கவாசல். லேப்டாப் தூங்கும் நிலையில் இருக்கும்போது, டிஸ்க்கைப் பூட்டிவைத்திருக்கும் ரகசியச் சாவிகூட நினைவகத்தில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

2019-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ரைஸ் பல்கலைக்கழகம், எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து தண்டர்கிளாப் என்ற ஆய்வை வெளியிட்டார்கள். தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பில் செருகும்படி, ஒரு நெட்வொர்க் கார்டைப்போலவே நடிக்கும் போலிச் சாதனம் ஒன்றைச் செய்தார்கள். அப்போது பெரும்பாலான விண்டோஸ் பதிப்புகள் பக்கவாசல் காவலைப் பயன்படுத்தவே இல்லை. லினக்ஸில் வசதி இருந்தது, ஆனால் பல விநியோகங்களில் தானாக இயங்கும்படி வைக்கப்படவில்லை. மேக் மட்டும் தொடக்கத்திலேயே காவலை இயக்கியிருந்தது. ஆனாலும் எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான சாவிக்கொத்து என்பதால், அந்தப் போலி நெட்வொர்க் கார்டால் யூஎஸ்பி கீபோர்டில் தட்டும் எழுத்துகளையும் படிக்க முடிந்தது. வீட்டில் பூட்டு வாங்கி மாட்டி, எல்லா அறைக்கும் ஒரே சாவி வைத்ததுபோல.

இதில் நான் கற்றுக்கொண்ட நுட்பம் ஒன்று உண்டு. காவல் பக்கம் பக்கமாகத்தான் சாவி கொடுக்கும். 4,096 பைட் கொண்ட ஒரு பக்கத்தில் சாதனத்துக்கு உரியது 1,500 பைட் மட்டும் இருக்கலாம். மீதியில் கர்னலின் சொந்த விஷயங்கள் இருந்தால் அவையும் சாதனத்தின் கண்ணில் படும். பாடநூல் வைக்கும் அறையிலேயே ஒரு மூலையில் மதிப்பெண் பதிவேட்டையும் வைத்திருந்தால், அந்த அறைக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

இப்போது நிலைமை மேம்பட்டிருக்கிறது. விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த 1803 பதிப்பிலிருந்து, ஆதரவு உள்ள இயந்திரங்களில் வெளியே செருகும் சாதனங்களுக்கு இந்தக் காவல் வந்துவிட்டது. லினக்ஸும் 5.0 பதிப்பை ஒட்டி தண்டர்போல்ட் சாதனங்களுக்குக் காவலை இயக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து செருகப்படும் சாதனத்தை நம்பத்தகாதது என்று குறித்துக்கொண்டு, பக்கத்தின் மீதி இடம் அதன் கண்ணில் படாதபடி தனி இடத்தில் நகலெடுத்துக் கொடுக்கும் ஏற்பாடும் பிறகு வந்தது. நல்ல காரியம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. என் மாணவனோடு இரண்டாவது மாலை முழுக்க விவாதித்தது இதைப் பற்றித்தான்.

வேன்காரர் வேலையை முடித்துவிட்டார். கொடுத்த சாவியை எப்போது திரும்ப வாங்குவது? முடிந்த உடனேயே வாங்குவது ஒரு முறை. அதற்கு ஸ்ட்ரிக்ட் என்று பெயர். "போகட்டும், பத்துச் சாவி சேரட்டும், மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்" என்பது இன்னொரு முறை. அதற்கு லேசி என்று பெயர். நான் வைத்த பெயர் அல்ல, அவர்களே சோம்பேறி என்று வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் லேசி முறையில், திரும்ப வாங்க வேண்டிய சாவிகள் ஒரு வரிசையில் நிற்கும். வரிசை நிரம்பினால் அல்லது 10 மில்லிநொடி ஆனால் மொத்தமாக ரத்து செய்யப்படும். நம் வீடுகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் உள்ளே பொருத்தியிருக்கும் சாதனங்களுக்குக் கர்னல் தானாகத் தேர்ந்தெடுப்பது இந்த லேசி முறையை. ஏஆர்எம் இயந்திரங்களில் தானாகத் தேர்ந்தெடுப்பது ஸ்ட்ரிக்ட் முறையை.

"10 மில்லிநொடிதானே டீச்சர், கண் இமைக்கிற நேரம்கூட இல்லை" என்றான் அவன். உண்மைதான். ஆனால் ஜிகாபிட் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 81,000 பொட்டலங்கள் வரும். 10 மில்லிநொடிக்குள் 800-க்கும் மேல். நமக்குத்தான் அது இமைப்பொழுது. இயந்திரத்துக்கு அது ஒரு முழுப் பாடவேளை. அந்த நேரத்தில், சாதனத்திடமிருந்து "திரும்பப் பெற்ற" இடத்தைக் கர்னல் வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம். அங்கே உங்கள் வங்கிக் கடவுச்சொல் எழுதப்பட்டிருக்கலாம். பழைய சாவி இன்னும் வேன்காரர் பையில் இருக்கிறது.

அவன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு மேப், ஒரு அன்மேப். 10 ஜிகாபிட் கார்டு என்றால் நொடிக்கு எட்டு லட்சம் பொட்டலம். ஒவ்வொரு தடவையும் காவலிடம் "இந்தச் சாவி இனிச் செல்லாது" என்று சொல்லிவிட்டு, அது "சரி" என்று சொல்லும்வரை பிராசசர் காத்திருக்க வேண்டும். பெரிய சர்வர்களில் அந்தக் காத்திருப்பு வேகத்தை உண்மையாகவே குறைக்கும். பூட்டிய அறை, உள்ளே நுழைய அடையாள அட்டை, ஒவ்வொரு கார்டையும் தெரிந்து வாங்கி மாட்டிய நிர்வாகி என்று இருக்கும் இடத்தில், லேசி முறையை அவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்டது வேறு. யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களுக்கு எது தானாக அமைய வேண்டும்? வீட்டில் இருக்கும் நாம், கல்லூரிப் பிள்ளைகள், கடையில் பில் போடுகிறவர்கள், நமக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. நம் லேப்டாப்பில் நொடிக்கு எட்டு லட்சம் பொட்டலம் வரப்போவதும் இல்லை. நமக்குத் தானாகக் கிடைப்பது ஸ்ட்ரிக்ட் முறையாக இருக்க வேண்டும். வேகம் வேண்டும் என்று அறிந்து கேட்பவர்கள், பொறுப்பேற்றுக்கொண்டு தளர்த்திக்கொள்ளட்டும். இப்போது இருப்பது தலைகீழ். தெரிந்தவர்களின் வசதிக்காகத் தெரியாதவர்களின் கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடக்கிறது.

"உள்ளே இருக்கும் சாதனம் நம்முடையதுதானே, வெளியிலிருந்து வருவதை மட்டும் சந்தேகித்தால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அவனும் கேட்டான். அதற்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. 2017-ல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, போன்களில் இருக்கும் பிராட்காம் வைஃபை சிப்பை ஆராய்ந்தது. அந்தச் சிப்புக்குள்ளேயே ஒரு சின்ன பிராசசரும் அதற்கென்று மென்பொருளும் உண்டு. அதில் இருந்த பிழைகளைப் பயன்படுத்தி, எந்த வயரும் செருகாமல், காற்றில் அனுப்பும் தகவலாலேயே சிப்பைக் கைப்பற்றி, அங்கிருந்து போனின் கர்னல்வரை போக முடியும் என்று செய்து காட்டினார்கள். பிழைகள் பிறகு திருத்தப்பட்டன. ஆனால் பாடம் அப்படியே இருக்கிறது. வைஃபை சிப் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் காது தெருவைப் பார்த்திருக்கிறது. ஆகவே உள்ளே, வெளியே என்று கோடு போட்டு, உள்ளே இருப்பவருக்கு மட்டும் சலுகை தருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் பழகிய வேன்காரராக இருந்தாலும், வேலை முடிந்ததும் சாவியை வாங்கி ஆணியில் மாட்டுவதுதான் முறை. அது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. நாளை ஏதாவது காணாமல் போனால் அவர்மேல் பழி விழாமல் காப்பதும் அதுவே.

கடைசியில் அவன், "நீங்க சொல்றது லேப்டாப்புக்குச் சரி டீச்சர், எங்க ஆபீஸ் சர்வருக்கு இல்ல" என்றான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சரி, தம்பி மகன் கேள்விக்கு வருவோம்.

ஒன்று, கேம் விளையாடும்போது கிராஃபிக்ஸ் கார்டு பெரிய பெரிய இடங்களை ஒரு தடவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் வைத்திருக்கும். காவலால் வரும் செலவு அடிக்கடி சாவி கொடுத்து வாங்குவதில்தான். ஆகவே அதை அணைத்து நீ பெரிய வேகம் எதிர்பார்க்க முடியாது. இரண்டு, நீ சிரிப்பாய், ஆனால் நிஜம். ஆன்லைன் விளையாட்டுகளில் திருட்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் இதே டிஎம்ஏ வழியாக ஒரு தனிக் கார்டைச் செருகி, எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று நினைவகத்திலிருந்து படிக்கிறார்கள். அதனால் சில விளையாட்டுகள் இந்தக் காவல் இயங்கினால்தான் உள்ளே விடும். வீடியோவில் சொன்னவர் பேச்சைக் கேட்டு அணைத்தால், ஆட்டமே கிடைக்காமல் போகலாம்.

மற்ற உறவுகளுக்கும் சில வார்த்தை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து பாருங்கள். அதில் கர்னல் டிஎம்ஏ புரொடெக்‌ஷன் என்று ஒரு வரி இருக்கும். எதிரே ஆன் என்று இருந்தால் நிம்மதி. ஆஃப் என்று இருந்தால், யாராவது பயாஸில் அணைத்திருக்கிறார்களா என்று விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேளுங்கள். பழைய இயந்திரம் என்றால் அந்த வசதியே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் பயப்பட வேண்டாம், பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விடுதியிலோ ரயிலிலோ லேப்டாப்பை விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் மூடி மட்டும் வைக்காமல் முழுதாக அணைத்துவிட்டுப் போங்கள். முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கும் தண்டர்போல்ட், யூஎஸ்பி 4 சாதனங்களைச் செருகாதீர்கள். சாதாரண பென் டிரைவ் நேரடியாக நினைவகத்துக்குள் போகாது. அதற்காக லேப்டாப்பில் இருக்கும் யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சிப்தான் போய் வரும். பென் டிரைவில் வைரஸ் வருவது வேறு கதை. ஆனால் இப்போது சி வகைத் துளை எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் செருகாமல் இருப்பதே நல்லது.

டிரைவர் எழுதும் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேப் போட்ட ஒவ்வொன்றுக்கும் அன்மேப் போடுங்கள். திசையைச் சரியாகச் சொல்லுங்கள். "இரண்டு பக்கமும்" என்று போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று போடாதீர்கள். சாதனத்துக்குக் கொடுக்கும் பக்கத்தில் வேறு ரகசியம் எதையும் வைக்காதீர்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் பத்து வரிக்கான விலையை, உங்கள் பெயரே தெரியாத யாரோ ஒரு பெரியம்மா தன் ஓய்வூதியக் கணக்கில் கொடுக்க நேரலாம்.

சாதனத்தை உள்ளே விடுவது தவறில்லை. எந்த அறை, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் கர்னல் கையில் இருக்க வேண்டும். இதைத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி மகன் இப்போது "சரி அத்தை, தொடல" என்று பதில் போட்டிருக்கிறான். கட்டைவிரல் காட்டிய மூன்று பேரும் இதைப் படித்துவிட்டீர்களா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால், விவரம் தெரிந்த மாணவர்கள் தயங்காமல் திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் எத்தனை சிவப்பு மை சுழித்திருப்பேன், இப்போது உங்கள் முறை.

அனைவரும் நலமோடு இருங்கள். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்